வித்துவானின் கொட்டாவி

அந்தக் கல்சுரங்கத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது சம்பளப் பிரிவு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் வித்துவான். முறையாகப் பாட்டுப் படித்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். சுருதிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் தொண்டை இருந்தது. அந்தத் தொண்டைக்கு ஏற்ற வண்டியும் வாய்த்திருந்தது.

வண்டி என்றால் ரோட்டில் ஓடுகிற லாரி இல்லை. டம்பர். ஒரு வீட்டைப் பெயர்த்துச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். நான் அங்கே டயர்ப் பட்டறையில் இருந்தேன். டம்பரின் டயர் பக்கத்தில் நின்றால் என் தலை அதன் நடுமையம் வரைக்கும்தான் எட்டும். ஓட்டுநர் ஏணி ஏறித்தான் தன் இருக்கைக்குப் போக வேண்டும். கீழே பள்ளத்தில் ஷவல் இயந்திரம் பாறையை அள்ளிப் போடும். அந்தப் பாரத்தோடு வளைந்து வளைந்து மேலே ஏறி, கல் உடைக்கும் கிரஷரில் கொட்டிவிட்டு, காலி வண்டியாக இறங்கி வர வேண்டும். வந்ததும் மறுபடி ஏற வேண்டும். செக்குமாட்டு வேலை. பாதை மாறாது, காட்சி மாறாது, பக்கத்தில் பேச ஆள் கிடையாது. அதனால் அவர் பாடினார்.

ஊரார் பாட்டு எதுவும் அவருக்கு இரண்டு வரிக்கு மேல் மனதில் நிற்காது. ஆகவே சொந்தமாகவே கட்டிக்கொள்வார். சில நாள் வாக்கிடாக்கியின் பொத்தான் அவர் தொடையில் அமுங்கிவிடும். அன்றைக்குச் சுரங்கம் முழுக்கக் கச்சேரிதான். ஷவல் ஓட்டுகிறவரைப் பற்றி அவர் கட்டிய பாட்டு எனக்கு இன்னும் மனப்பாடம்:

அள்ளிப் போடடா மெல்லப் போடடா
அண்ணன் வண்டி அழுகுது பார்
துள்ளி விழுகிற பாறையில் எந்தன்
முதுகுத் தண்டு முனகுது பார்

இதைக் கேட்ட பிறகு ஷவல்காரர் ஒரு வாரம் கல்லைப் பூப்போல வைத்தார். அதற்கப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

வித்துவானின் மனைவிக்கு ஒரு தம்பி. அவரும் அதே சுரங்கத்தில்தான் இருந்தார். பாதையில் தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகும் டேங்கர் லாரி அவருடையது. அதனால் அவருக்குத் ‘தண்ணி வண்டி’ என்று பெயர். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததுதான் கொடுமை. கல்யாணப் பேச்சு நடந்த ஒரு வீட்டில், “மாப்பிள்ளை யாரு, நம்ம தண்ணி வண்டியா?” என்று யாரோ நல்லெண்ணத்தோடு கேட்டுவைக்க, அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. ஆள் சட்டமே உருவானவர். நிறுத்தி வைத்த லாரியில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் சீட் பெல்ட் போட்டிருப்பார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு டம்பர் விடியற்காலையில் பாதையை விட்டு விலகி, விளிம்பில் கட்டியிருந்த மண்கரை மேல் ஏறி, மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் தூங்கியிருக்கிறார். மண்கரை தாங்கியது; ஆள் பிழைத்தார். அந்தக் கரை இல்லையென்றால் கீழே பத்து மாடி ஆழம். அடுத்த மாதமே எல்லா டம்பரிலும் கேமரா மாட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். எல்லோரும் மேடம் என்போம். ஓட்டுநர்களை உட்கார வைத்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கையில் தூக்கிக் காட்டினார்.

“இது உங்க மேல குத்தம் கண்டுபிடிக்க வந்தது இல்ல. கண் இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கு, வாய் எப்படித் திறக்குதுன்னு பாக்கும். தூக்கம் வர்ற மாதிரி தெரிஞ்சா சத்தம் போடும். நிஜமாவே கண்ணை மூடிட்டா, சீட்டைப் பிடிச்சு உலுக்கும்.”

பின்வரிசையில் ஒருவர் கேட்டார். “அப்ப எந்நேரமும் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கும். வாயத் தொறந்தா கேள்வி, கண்ண மூடினா கேள்வி. அப்படித்தானே மேடம்?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“அப்ப இது மாமியார்.”

அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. சாந்தமான பெண்குரலில் அது செந்தமிழ் பேசியது இன்னும் பொருத்தமாகப் போயிற்று. “ஓட்டுநர் அவர்களே, தங்கள் கவனம் பாதையில் இருக்கட்டும்.” ஆரம்பத்தில் மாமியாரை ஏமாற்ற எல்லோரும் முயன்றார்கள். ஒருவர் சூயிங்கம்மை மென்று கேமரா கண்ணில் அப்பினார். அது உடனே கண்ட்ரோல் ரூமுக்கு, “ஓட்டுநரைக் காணவில்லை” என்று சொல்லிவிட்டது. சைரன் அலற மீட்பு ஜீப் பறந்து வந்து ஏணி ஏறிப் பார்த்தால், ஆள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அதன்பிறகு யாரும் மாமியாரிடம் வாலாட்டவில்லை.

வித்துவானுக்குத்தான் சோதனை வந்தது. ஒரு வாரத்துக் கணக்கில், சுரங்கத்திலேயே அதிகக் கொட்டாவி விட்டவர் அவர்தான் என்று மாமியார் சொன்னாள். இரண்டாவது ஆள் பக்கத்திலேயே இல்லை. யார் பெயரும் வெளியே போகக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. ஆனால் கண்ட்ரோல் ரூமில் இருந்தவருக்கு ஓட்டை வாய். மத்தியானத்துக்குள் கேன்டீன் முழுக்கச் செய்தி பரவி, வித்துவான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து வரவேற்றார்கள்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக மேடத்திடம் போனார்.

“மேடம், அது கொட்டாவி இல்ல. பாட்டு.”

மேடம் சிரிக்கவில்லை. கணினியைத் திருப்பி வைத்து, பதிவான துண்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. திரையில் வித்துவான் வாயை ஆ-வென்று திறந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போன பாட்டு. இந்த எடத்துல ‘வாராயோ’ன்னு இழுப்பேன்.” இழுத்தும் காட்டினார். பக்கத்து அறையில் இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“சரி, இது?”

“இது டயர் பஞ்சர் ஆன பாட்டு.”

படத்தில் வாய் அசைவதும் இவர் பாடுவதும் அச்சு அசலாகப் பொருந்தின. மேடம் அவற்றை எல்லாம் தனியே ஒதுக்கினார். வித்துவானுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியாகச் சில துண்டுகள் மிஞ்சின. அவற்றில் அவர் வாய் மெதுவாகத் திறந்து, மெதுவாக மூடியது. கண்ணும் பாதி சொருகியிருந்தது.

“இது என்ன பாட்டு?”

வித்துவான் கொஞ்சம் யோசித்தார். “ஆலாபனை மேடம்.”

“ஆலாபனைக்குக் கண் சொருகணுமா?”

“உருக்கம்.”

“எச்சில் வழியுதே?”

வித்துவான் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். மேடம் கணினியை மூடிவிட்டு, “நீங்க பொய் சொல்லலைன்னு தெரியுது. முக்கால்வாசி பாட்டுதான். ஆனா இந்தக் கால்வாசி எனக்குப் பிடிக்கல. வீட்டுல தூக்கம் எப்படி?” என்றார்.

“அதுல ஒரு குறையும் இல்ல மேடம். படுத்தா பிணம். என் சம்சாரமே சொல்லுவா, இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டீங்கன்னு.”

“ஒரு தடவை டாக்டரைப் பாருங்களேன்.”

“எனக்கு என்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன்” என்று எழுந்து வந்துவிட்டார். வந்தவர் ஒரு சபதமும் போட்டார். மாமியாருக்குக் கொட்டாவி எது, பாட்டு எது என்று தெரியவில்லை அல்லவா? இனி வாயே திறப்பதில்லை. அப்போது அவள் யார் மேல் பழி போடுகிறாள் என்று பார்த்துவிடலாம்.

கச்சேரி நின்றது. பள்ளம் வெறிச்சென்று ஆகிவிட்டது. ஷவல்காரர் கூட வாக்கிடாக்கியில், “ஏம்ப்பா வித்துவான், என்னைத் திட்டியாவது ஒரு பாட்டுப் பாடேன்” என்று கெஞ்சினார். வித்துவான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இத்தனை வருஷம் தன்னை விழித்திருக்க வைத்தது அந்தப் பாட்டுத்தான் என்பது அவருக்கே தெரியாது.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது. காலி வண்டியோடு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். வெயில் கண்ணாடியில் அடித்தது. எஞ்சின் ஒரே சுதியில் உறுமியது. முன்னால் வெகுதூரத்தில் தண்ணி வண்டி ஊர்ந்தபடி தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது. அதை அவர் பார்த்ததும் உண்மை. அடுத்த கணம் பார்க்காததும் உண்மை.

சீட்டு அவரைப் பிடித்து உலுக்கியது. மாமியார் இந்த முறை செந்தமிழ் பேசவில்லை. காது கிழியக் கத்தினாள். கண்ணைத் திறந்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணி வண்டியின் முதுகு. பிரேக்கை மிதித்தார். ஈரப் பாதை. டம்பர் நிற்காமல் ஒருபக்கமாகச் சரிந்து வழுக்கியது. ஸ்டியரிங்கை உள்பக்கப் பாறைச் சுவரை நோக்கி ஒடித்தார். டம்பரின் மூக்கு லாரியின் வாலுக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றது. தெளிப்பான் குழாய் மட்டும் எதுவும் அறியாததுபோல டம்பரின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

மைத்துனர் கீழே இறங்கி வந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். திட்ட வேண்டும் என்றுதான் வந்தார். அப்படியே மண்கரையில் உட்கார்ந்தார். வித்துவான் ஏணியில் இறங்கும்போது கடைசிப் படியில் வழுக்கி, அவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“மாப்ள…”

“பேசாதீங்க மாமா.”

வித்துவான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தூங்கிட்டேன் போல இருக்குடா.”

“நான் போயிருந்தாக்கூடப் பரவால்ல மாமா. தம்பியைக் கொன்னது யாருன்னு அக்கா கேட்டா, உங்களைக் கைகாட்டணும். நல்லவேளை, நானும் இல்லாம இருந்திருப்பேன், கைகாட்ட வேண்டி இருந்திருக்காது” என்றார் மைத்துனர். சொன்ன பிறகுதான் தான் சொன்னதன் அபத்தம் அவருக்கே உறைத்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு வித்துவான். சிரித்துச் சிரித்து வித்துவானின் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்தது இல்லை என்று மைத்துனர் என்னிடம் பின்னால் சொன்னார்.

“அக்காகிட்ட சொல்லாதடா.”

“நான் சொல்லல. மாமியார் சொல்லியாச்சு” என்று மேலே கையைக் காட்டினார். மேடத்தின் ஜீப் இறங்கி வந்துகொண்டிருந்தது.

மேடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வண்டியை விட்டு இறக்கினார். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் இனி ஸ்டியரிங் என்றார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, கூட மனைவியும் வர வேண்டும். “தூங்குறவருக்குத் தான் எப்படித் தூங்குறோம்னு தெரியாது. பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.”

அக்கா, அதாவது வித்துவானின் மனைவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவர். பேச்சும் அவர் தையல் மிஷின் மாதிரிதான், மிதித்தால் நிற்காது. டாக்டர், “குறட்டை உண்டா?” என்று கேட்டதுதான் தாமதம்.

“என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? மொதல்ல லாரி மேடு ஏறுற மாதிரி வரும். கர்ர்ர், கர்ர்ர்.” தொண்டையில் இருந்து சத்தம் எழுப்பிக் காட்டினார். வெளியே காத்திருந்தவர்கள் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார்கள். “அப்புறம் கியர் மாத்துவார். அப்புறம் திடீர்னு எஞ்சின் நின்னுடும்.”

“நின்னுடுமா?”

“சுத்தமா நின்னுடும். மூச்சே இருக்காது. நான் விலாவுல ஒரு குத்து விடுவேன். ‘ஹக்’னு ஒரு சத்தம் போட்டுத் திரும்ப ஸ்டார்ட் ஆவார்.”

“ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை குத்துவீங்க?”

“அதை யாரு எண்ணுனா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து குத்திக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லா வீட்டுலயும் புருஷனுங்க இப்படித்தான்னு நெனச்சேன்.”

வித்துவான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “நீ ராத்திரி தூங்கவே மாட்டியா?”

“நான் தூங்கினா உங்களை யாரு ஸ்டார்ட் பண்றது?” என்றார் அக்கா, சாதாரணமாக. வித்துவான் தன் விலாவைத் தடவிப் பார்த்தார். விலா எலும்பு தினமும் காலையில் வலிப்பதற்குக் காரணம் டம்பர் சீட்டு என்று அதுவரை என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது, அடைக்கும்போதெல்லாம் மூளை அரைகுறையாக விழிக்கிறது என்றார் டாக்டர். “இத்தனை வருஷமா உங்க உடம்பு தூங்கவே இல்ல. தூங்குற மாதிரி நடிச்சிருக்கு.” தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் ஒரு முகமூடியும், குழாய் வழியே காற்றை ஊதும் சிறிய இயந்திரமும் கொடுத்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு வித்துவான் நின்றதைப் பார்த்து, அவருடைய மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, குட்டி யானை!”

மறுநாள் காலை மைத்துனர் வழக்கம்போல அவரை வேலைக்குக் கூட்டிப்போக வந்தார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார். பதில் இல்லை. ஜன்னலைத் தட்டினார். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நேரம், வீட்டில் ஒரு சத்தம் இல்லை. “அக்கா! அக்கா!” என்று கதவை உடைக்கிற மாதிரி இடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்த முகத்தோடு அக்கா நின்றார்.

“என்னடா, ஊரைக் கூட்டுற?”

“மணி என்ன ஆச்சு தெரியுமா? நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்!”

அக்கா வெயிலைப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். பிறகு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, “தம்பி, நான் தூங்கிட்டேன்டா” என்றார், ஏதோ பரிசு விழுந்த செய்தியைச் சொல்வது போல. அன்று அந்த வீட்டில் வேலைக்கும் பள்ளிக்கும் எல்லோரும் தாமதம்.

முகமூடி உடம்புக்குப் பழகும்வரை வித்துவானைக் கண்ட்ரோல் ரூமில் உட்கார வைத்தார்கள். மற்ற ஓட்டுநர்களின் படத்தை மாமியார் அனுப்பினால், பார்த்துச் சொல்லும் வேலை. அந்த வேலைக்கு அவரைவிட மோசமான ஆளைத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார். எல்லோரையும் மன்னித்தார். “பாவம் மேடம், அவன் கொழந்தைக்குக் காய்ச்சல்.” “இவன் பல்வலி மேடம், அதான் வாயைத் தொறக்கிறான்.” மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, “அண்ணே, மண்கரையில உட்காந்திருந்தீங்களே, அதை நெனச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து அவர் யாருக்கும் சலுகை காட்டவில்லை. சந்தேகம் வந்தால் வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, “மேல வா, டீ குடிச்சுட்டுப் போகலாம்” என்பார்.

திரும்ப வண்டி ஏறும் நாளும் வந்தது. பாடலாமா என்று கேட்டார். தாராளமாகப் பாடுங்கள் என்றார் மேடம். ஆனால் பாட்டுக்கும் கொட்டாவிக்கும் வித்தியாசத்தை மாமியாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காகக் கேமரா கம்பெனியில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். நிறுத்தி வைத்த டம்பரில் வித்துவானை உட்கார வைத்து, பாடச் சொன்னார்கள். மனிதர் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் போதும் போதும் என்று கெஞ்சித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

“சரிங்க சார். இப்ப கொட்டாவி விடுங்க.”

வித்துவான் வாயைத் திறந்தார். வரவில்லை. கண்ணை மூடினார், தோளைக் குலுக்கினார், கழுத்தை நீட்டினார். ஊஹும். நன்றாகத் தூங்கி எழுந்த மனிதருக்குக் கொட்டாவி எங்கிருந்து வரும்? சுரங்கத்தின் கொட்டாவி மன்னருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூடக் கைவசம் இல்லை.

மைத்துனர், “நான் விட்டுக் காட்டுறேன், பாத்தா ஒட்டிக்கும்” என்று ஏணியில் ஏறி, அவர் முகத்துக்கு நேரே ஒரு பெரிய கொட்டாவி விட்டார். ஒட்டத்தான் செய்தது. கேமராக்காரர் மூவரும் வரிசையாக விட்டார்கள். கீழே நின்ற நானும் விட்டேன். மேடம் கையால் வாயை மறைத்துக்கொண்டார். வித்துவான் மட்டும் எல்லோரையும் பளிச்சென்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கொட்டாவிப் பாடத்துக்குத் தண்ணி வண்டியைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் பிறகு அக்காவுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. மற்ற ஓட்டுநர்களின் மனைவிகள் போன் செய்து, தங்கள் வீட்டுக்காரர் குறட்டையை வாயால் விட்டுக் காட்டுவார்கள். அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். “நடுவுல நிக்குதா? நிக்கலைன்னா தலைகாணியை மாத்திப் பாருங்க. நிக்குதுன்னா நாளைக்கே டாக்டர்.” இப்படி இரண்டு ஓட்டுநர்கள் முகமூடிக்காரர்கள் ஆனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் வித்துவான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஷவல்காரர் மனைவி கூப்பிட்டார். அவர் வாயால் எல்லாம் காட்டவில்லை. படுத்திருந்த கணவர் மூக்கருகே போனையே கொண்டுபோய் வைத்துவிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். மேஜை மேல் இருந்த போனில் இருந்து ஷவலே உறுமுவது போல வந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். உறுமல் ஏறியது, இறங்கியது, நின்றது.

வரவில்லை. வித்துவான் என்னைப் பார்த்தார். மூச்சு இன்னும் வரவில்லை.

அக்காவுக்குத் தாங்கவில்லை. போனைப் பிடுங்கி, “எழுப்புங்க! எழுப்புங்க!” என்று கத்தினார். அந்தப் பக்கம் ஏதோ தடாலென்று விழுகிற சத்தம். பிறகு ஷவல்காரர் குரல், பதறிப்போய்: “முழிச்சுட்டேன் மேடம், முழிச்சுத்தான் இருக்கேன்!”

மறுநாள் காலையில் வித்துவான் அவரைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனார். வழி நெடுக இரண்டு பேரும் பாடிக்கொண்டே போனார்களாம்.